நிலம் விற்ற பணமும் நகைக்கடைப் பங்கும்

விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்கு வழிச் சாலைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. இழப்பீடாக வந்த பணத்தை எங்கே போடுவது? முன்பெல்லாம் இதற்குப் பெரிய யோசனை தேவைப்படாது. பக்கத்து ஊரில் நிலம் வாங்குவார்கள்; தோதுப்படாவிட்டால் மனைக்கட்டு; மகள் இருந்தால் நகை; மிச்சம் வங்கியில் வைப்புத்தொகை. இப்போது இந்த வரிசையில் பங்குச் சந்தையும் வந்து நிற்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கைப்பேசியிலேயே டீமேட் கணக்குத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் சமாதானமும் ஏறக்குறைய ஒன்றுதான்: "பேர் தெரியாத கம்பெனி வேண்டாம். ஊரே போய் வாங்குற பெரிய கடைக் கம்பெனியாப் பாத்துப் போடுவோம். வருசா வருசம் டிவிடெண்ட் வந்துடும்."

நான் பங்கு வியாபாரி அல்ல. பாபநாசம் வட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுத்து, வசூலித்து, தணிக்கைக்குப் பதில் சொல்லியே என் வேலைக்காலம் போயிற்று. ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். டிவிடெண்ட் எனப்படும் ஈவுத்தொகை தவறாமல் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வந்தால் எவ்வளவு வரும் என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. நிலத்தை இழந்தவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் உயிர்க் கேள்வி.

என் அண்ணி ஒருவருக்கு இந்தச் சாலையில் நிலம் போயிற்று. அண்ணன் காலமாகிவிட்டார், மகன் சிங்கப்பூரில். வந்த பணத்தில் பத்து லட்சத்தை டைட்டன் பங்கில் போடலாம் என்று மகன் சொல்லியிருக்கிறான். அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பிக் கேட்டார்: "தம்பி, குத்தகை மாதிரி வருசம் தவறாம வந்துடும்ங்கிறான் புள்ள. வந்துடுமா?"

டைட்டனை அவன் தேர்ந்தெடுத்ததில் தப்பு சொல்ல மாட்டேன். 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. ஓசூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. பிறகு தனிஷ்க் நகைக்கடை, கண்ணாடிக் கடை, வாசனைத் திரவியம், தனைரா என்ற பெயரில் பட்டுப்புடவை, கைப்பை என்று பரந்துவிட்டது. இன்று நாட்டின் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்று. நேர்மையான கணக்கு, பெயர் கெடாத நிர்வாகம் என்ற மதிப்பும் அதற்கு உண்டு.

ஆனால் "குத்தகை மாதிரி" என்று அவன் சொன்னதுதான் சரியில்லை. குத்தகை என்றால் மாவுக்கு இத்தனை மூட்டை என்று பேசியது பேசியதுதான். வெள்ளாமை நன்றாக இருந்தாலும் சுமாராக இருந்தாலும் நிலக்காரருக்கு அளக்க வேண்டியதை அளந்தாக வேண்டும். வாரம் அப்படியில்லை, களத்தில் விளைந்து கிடப்பதைத்தான் பிரித்துக்கொள்ள முடியும். ஈவுத்தொகை வாரத்தைச் சேர்ந்தது. சொல்லப்போனால் வாரத்திலாவது பாதிக்குப் பாதி என்றோ வேறு விகிதத்திலோ முன்கூட்டியே பேச்சு முடிந்திருக்கும். இங்கே அந்த விகிதத்தையும் ஒவ்வொரு ஆண்டும் இயக்குநர் குழுதான் முடிவு செய்கிறது. குழு பரிந்துரைத்ததற்கு மேல் ஒரு பைசாகூடப் பங்குதாரர்கள் கூட்டம் போட்டு ஏற்றிக்கொள்ள முடியாது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, அறிவித்துவிட்டால் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்; அறிவிக்காத வரை யாருக்கும் எந்தக் கடமையும் கிடையாது.

இதை அண்ணியிடம் சொன்னேன். அடுத்து, டைட்டன் இதுவரை என்ன கொடுத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பங்கு ஒன்றுக்கு 2014-15-இல் 2.30 ரூபாய். அடுத்த ஆண்டு 2.20. பிறகு 2.60, 3.75, 5. கொரோனா புகுந்த 2019-20-க்கு 4 ரூபாய்; 2020-21-க்கும் அதே 4. பிறகு 7.50, 10, 11. 2024-25-க்கும் 11.

இந்த வரிசையில் நான் விரல் வைக்கும் இடம் ஏறுமுகமான ஆண்டுகள் அல்ல, கொரோனாவின் இரண்டு ஆண்டுகள். 2020-21-இல் கடைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன, கல்யாணங்கள் ஐம்பது பேரோடு முடிந்தன. டைட்டனின் ஒருங்கிணைந்த லாபம் முந்தைய ஆண்டின் 1,493 கோடியிலிருந்து 974 கோடியாக இறங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அப்படியும் ஈவுத்தொகை முந்தைய ஆண்டின் 4 ரூபாயிலேயே நின்றது. எப்படி நின்றது? நல்ல ஆண்டிலேயே அவர்கள் லாபம் முழுவதையும் வாரிக் கொடுப்பதில்லை. கம்பெனியின் மொத்தப் பங்குகள் சுமார் 88.78 கோடி. 11 ரூபாய் வீதம் கொடுத்தால் 977 கோடி ஆகும். 2023-24-இன் லாபம் 3,496 கோடி. நூற்றுக்கு 28 ரூபாய்தான் பங்குதாரருக்குப் போனது. கொரோனா ஆண்டிலோ 974 கோடியில் 355 கோடி, நூற்றுக்கு 36. கையை இறுக்கிப் பிடித்து வைத்திருந்ததால், கெட்ட காலத்தில் விகிதத்தை ஏற்றித் தொகையைக் காப்பாற்ற முடிந்தது.

எந்தக் கம்பெனியானாலும் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். கொடுத்த ஈவுத்தொகையை லாபத்தால் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு முப்பது என்றால் லாபம் பாதியாகக் குறைந்தாலும் அதே தொகையைக் கொடுக்க இடமிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் லாபம் சறுக்கிய உடனே ஈவுத்தொகையும் சறுக்கும்.

"அப்ப நம்பலாம்ல?" என்றார் அண்ணி.

நம்பலாம் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பத்து லட்சத்தின் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பங்கு 3,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025-இல் அந்தச் சுற்றில்தான் பல நாள் விற்றது. பத்து லட்சத்துக்கு 303 பங்கு கிடைக்கும். 11 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3,333 ரூபாய். மாதத்துக்கு முந்நூறுகூட இல்லை. ஒரு சமையல் எரிவாயு உருளைக்குப் பற்றாது. அதுவும் மாதா மாதம் வராது. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் பொதுக்கூட்டம் முடிந்தபின் ஒரே தடவையாக வரும். அதே பத்து லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2025-இல் இருந்த 8.2 சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 82,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 கையில் வரும். ஐந்து ஆண்டுக்கு விகிதம் மாறாது.

அண்ணி அந்தத் தாளை வாங்கி இரண்டு தொகைகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இதுக்கா தம்பி நிலத்தைக் கொடுத்தோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.

டைட்டன் பங்கில் பணக்காரர் ஆனவர்கள் உண்டு. ராகேஷ் ஜுன்ஜுன்வாலா இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மலிவாக வாங்கி, விடாமல் வைத்திருந்து பெருஞ்செல்வம் சேர்த்தது நாடறிந்த கதை. அந்தச் செல்வம் விலை ஏற்றத்தில் வந்தது. ஈவுத்தொகை அதில் சிறு பகுதி. விலை ஏற்றத்தை வீட்டுச் செலவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பங்கை விற்க வேண்டும். 2020 பிப்ரவரியில் 1,300 ரூபாயைத் தொட்ட அதே பங்கு மார்ச் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிச் செலவு வந்திருந்தால் வந்த விலைக்குத்தான் தள்ளியிருக்க வேண்டும். ஓய்வூதியம் வருகிறவருக்கு, பத்துப் பதினைந்து ஆண்டு கையை வைக்காமல் இருக்க முடிகிறவருக்கு இது நல்ல பங்காக இருக்கலாம். நிலம் போனபின் அடுப்பெரிய வேறு வழியில்லாதவருக்கு இது வருமானம் ஆகாது.

டெல்டாக்காரர்களுக்கு நிச்சயமான வருமானத்தின் மேல் ஏன் இவ்வளவு ஏக்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக் கூடும். 2023-இல் ஜூன் 12-ஆம் தேதி முறைப்படி திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10-ஆம் தேதியே மூடினார்கள். சம்பா நட்டவர்கள் வானத்தையும் ஆழ்குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2024-இல் அணை திறந்ததே ஜூலை 28-இல். குறுவைக்கு அது உதவவில்லை. 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒரே இரவில் தென்னந்தோப்புகளை இழந்தவர்களை நான் நேரில் அறிவேன். இத்தனையும் பார்த்தவர்களிடம் "தவறாமல் வரும்" என்று யாராவது சொன்னால் மனது அங்கே சாயத்தான் செய்யும். அந்தச் சாய்வு யாருக்கும் வியாபாரமாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இனி, பல தொழில் செய்கிற கம்பெனி என்ற வாதம். கடிகாரம் படுத்தால் கண்ணாடி தூக்கும், கண்ணாடி படுத்தால் புடவை தூக்கும், அதனால் ஈவுத்தொகைக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். ஆண்டறிக்கையைத் திறந்து பிரிவுவாரிக் கணக்கைப் பாருங்கள். டைட்டன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நகையிலிருந்து வருகிறது. மற்றதெல்லாம் பெயர்ப் பலகையில் எடுக்கும் இடம் பெரிது, கல்லாவில் எடுக்கும் இடம் சிறிது. ஆக, டைட்டன் ஈவுத்தொகையின் நம்பகத்தை எடை போடுவது என்றால், நம் ஜனங்கள் தங்கம் வாங்குவதை எடை போடுவது என்றே அர்த்தம்.

தங்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனி, ஆடியில் குறுவைச் செலவுக்கு எங்கள் சங்கத்துக்கு வந்த வளையலும் சங்கிலியும் தை அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறியபின்தான் வீடு திரும்பும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, துணிப்பையில் கட்டி முத்திரை வைக்கும்போது நகைக்காரப் பெண்கள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நகை திரும்பி வந்தபின்தான் புது நகையைப் பற்றிய பேச்சு எழும். மகசூல் பொய்த்த ஆண்டில் அந்தப் பேச்சு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகும். 2025 ஏப்ரலில் சவரன் 70,000 ரூபாயைத் தாண்டியபோது, பழைய நகையைக் கொடுத்துப் புது நகை மாற்றுகிறவர்கள்தான் என் கண்ணில் அதிகம் பட்டார்கள். ரொக்கம் கொடுத்துப் புதிதாக வாங்குகிறவர்கள் குறைந்திருந்தார்கள்.

விலை ஏற்றம் நகைக்கடைக்கு லாபம் என்று பொதுவாக நினைக்கிறோம். அதன் உள்ளே ஒரு நெருக்கடி இருக்கிறது. நூறு கிலோ கையிருப்பு வைத்திருந்த கடை, விலை இரட்டித்தாலும் அதே நூறு கிலோவை வைத்துத்தான் வியாபாரம் செய்ய முடியும்; அதற்கு இரட்டிப்புப் பணம் முடங்கும். கணக்கில் லாபம் தெரியும். கையில் ரொக்கம் இருக்காது. ஈவுத்தொகையோ ரொக்கத்தில் கொடுக்க வேண்டியது. அதனால் லாபநட்டக் கணக்கோடு நின்றுவிடாமல், ரொக்க வரவுசெலவு அறிக்கையையும் பார்க்க வேண்டும். நடப்புத் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் ஈவுத்தொகையை விடக் குறைவாக இருந்தால், அந்த ஆண்டு கடன் வாங்கியோ சேமிப்பை எடுத்தோதான் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஓர் ஆண்டு அப்படி நடந்தால் கலவரப்பட வேண்டியதில்லை. மூன்று ஆண்டு தொடர்ந்தால் விலகி நிற்பது நல்லது.

பெரிய நகைக் கம்பெனிகள் இந்த நெருக்கடியைச் சமாளிக்க வங்கியிடம் ரூபாயாகக் கடன் வாங்காமல் தங்கமாகவே வாங்குகின்றன. நகையாக விற்றபின் அன்றைய விலைக்குக் கணக்குத் தீர்க்கின்றன. இடையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அடி படாது, வட்டியும் குறைவு. இந்த வசதி அரசின் கையில் இருக்கிறது என்பது 2013-இல் தெரிந்தது. தங்க இறக்குமதியை ரிசர்வ் வங்கி இறுக்கியபோது அந்த வழி அடைபட்டது. மறு ஆண்டு புதிய கம்பெனிகள் சட்டத்தின் வைப்புத்தொகை விதிகள் வந்தன. மாதச் சீட்டுப் போல் வாடிக்கையாளர் கட்டிவந்த டைட்டனின் 'கோல்டன் ஹார்வெஸ்ட்' நகைச் சேமிப்புத் திட்டத்தை நிறுத்திவிட்டு மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. ரொக்கம் வரும் இரண்டு வாய்க்காலும் அடுத்தடுத்து அடைபட்ட காலம் அது. ஈவுத்தொகை அப்போதும் நின்றுவிடவில்லை. பெரிதாக ஏறவும் இல்லை. 2024 ஜூலையில் மத்திய அரசு தங்கத்தின் சுங்கவரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது, கூடுதல் வரி கட்டி வாங்கி வைத்திருந்த கையிருப்பில் சில நூறு கோடி நட்டம் வந்தது. டைட்டனின் 2024-25 லாபம் 3,337 கோடியாகக் குறைந்தது. 11 ரூபாய் 11 ரூபாயாகவே இருந்தது.

வேறு செலவுகளும் வரிசையில் நிற்கின்றன. கேரட்லேன் நகைக் கம்பெனியில் மிச்சமிருந்த 27 சதவீதப் பங்கை 2023-இல் 4,621 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். 2025-இல் வளைகுடாவில் தமாஸ் நகைக்கடைகளின் 67 சதவீதத்தை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். துபாயிலும் கத்தாரிலும் வேலை செய்து ஊருக்கு நகை கொண்டுவந்த நம் பிள்ளைகளுக்குத் தமாஸ் தெரிந்த பெயர்தான். வளர்கிற கம்பெனி இப்படி வாங்கத்தான் செய்யும். வாங்குகிற ஒவ்வொன்றும் ஈவுத்தொகை எடுக்கும் அதே பானையிலிருந்துதான் எடுக்கிறது என்பதைப் பங்குதாரர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சில்லறை வணிகத்தில் பெயர் மட்டும் சோறு போடாது என்பதற்குச் சாட்சிகள் நிறைய. சென்னையில் 1997-இல் தொடங்கிய சுபிக்ஷா 1,600 கடைகளுக்கு மேல் விரிந்து, கையில் ரொக்கம் தீர்ந்து 2009-இல் மொத்தமாக மூடியது. பிக் பஜார் நடத்திய ஃப்யூச்சர் ரீடெய்ல் 2022-இல் திவால் நடவடிக்கைக்குப் போய், 2024-இல் கலைக்க உத்தரவானது. மறுபக்கம் டிமார்ட், 2017 மார்ச்சில் சந்தைக்கு வந்ததிலிருந்து நல்ல லாபம் ஈட்டியும் ஈவுத்தொகை கொடுத்ததே இல்லை. லாபம் முழுவதும் புதுக் கடைகளுக்குப் போகிறது. இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1926-இலிருந்து சந்தையில் உள்ள கம்பெனி. 2020-இல் ஈவுத்தொகையை நிறுத்தி, 2023-இல்தான் மறுபடி தொடங்கியது.

ஆஸ்திரேலியாவின் வெஸ்ஃபார்மர்ஸ் கதையைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. 1914-இல் மேற்கு ஆஸ்திரேலிய விவசாயிகள் தங்களுக்குள் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் அது. நம் சங்கங்களைப் போல இடுபொருளும் விளைச்சலும் அதன் தொழில். இன்று பன்னிங்ஸ், கேமார்ட் என்று நாடு முழுக்கக் கடைகள் நடத்தும் பெரும் கம்பெனி. லாபத்தின் பெரும்பகுதியைப் பங்குதாரருக்குக் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. அங்கும் 2018 நவம்பரில் கோல்ஸ் மளிகைக் கடைகளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தபின், 2017-18-இல் 2.23 டாலராக இருந்த சாதாரண ஈவுத்தொகை 2019-20-இல் 1.52 டாலராயிற்று. பங்குதாரர்களுக்குக் கோல்ஸ் பங்கு தனியாகக் கிடைத்தது என்பதால் அது முழு நட்டம் அல்ல. கம்பெனியின் உருவம் மாறினால் பழைய வரலாற்றை வைத்து அடுத்த ஆண்டைச் சொல்ல முடியாது என்பது மட்டும் அதில் தெரிகிறது. நம் கூட்டுறவுச் சங்கங்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. அதை எழுதவேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஈவுத்தொகையை வெளியிலிருந்தும் நிறுத்த முடியும். இதை டெல்டாக்காரர்கள் அனுபவத்தில் அறிவார்கள். 1904-இல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கிய இன்றைய சிட்டி யூனியன் வங்கியின் பங்கு இங்கே பல வீடுகளில் தாத்தா காலத்துச் சொத்து. 2020-இல் கொரோனாவை முன்னிட்டு, நாட்டின் எந்த வங்கியும் 2019-20 லாபத்திலிருந்து ஈவுத்தொகை கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. லாபம் சம்பாதித்த வங்கிக்கும் அதே உத்தரவுதான். அதே ஆண்டு நவம்பரில், 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டது. அந்தப் பங்குச் சான்றிதழ்களை இன்னும் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழு ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் ஈவுத்தொகை, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அந்தப் பங்குகளும் கூடவே போய்விடும். மீட்கலாம், ஆனால் அலைச்சல். 2019 ஏப்ரலிலிருந்து காகிதப் பங்கை அப்படியே வேறொருவர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது; டீமேட்டுக்கு மாற்றிய பிறகுதான் முடியும். இறந்துபோன கணவர் பெயரில், மூடிப்போன வங்கிக் கணக்கோடு இணைந்த பங்குகள் எத்தனை வீடுகளில் இப்படிக் கிடக்கின்றனவோ! ஈவுத்தொகையின் நம்பகத்தில் கம்பெனியின் பங்கு பாதி. வாரிசு நியமனம், வங்கிக் கணக்கு, முகவரி ஆகியவற்றைச் சரியாக வைத்திருப்பது மீதிப் பாதி. அண்ணியின் மகனிடம் பங்கு வாங்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பற்றித்தான் பேசினேன். பத்து லட்சம் அஞ்சலகத்துக்குப் போகட்டும், ஆசைப்பட்டால் உன் சம்பளத்தில் நீ பங்கு வாங்கு என்றேன். "சரி சித்தப்பா" என்றான்.

இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் பேசித் தீரும் விஷயமாக நின்றுவிடக் கூடாது. டைட்டனில் மிகப் பெரிய தனிப் பங்குதாரர் யார் தெரியுமா? டிட்கோ. அதன் பங்கு 27.88 சதவீதம், கிட்டத்தட்ட 24.75 கோடிப் பங்குகள். 11 ரூபாய் வீதம் ஓர் ஆண்டில் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 272 கோடி ரூபாய். டாடாவுக்கும் ஈவுத்தொகை வேண்டும், தமிழ்நாடு அரசுக்கும் வேண்டும். இரண்டு பெரிய உரிமையாளர்களும் ரொக்கம் எதிர்பார்க்கிற கம்பெனி அதைச் சுலபத்தில் நிறுத்தாது என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றைக்கு டிட்கோ போட்ட முதல் நம் வரிப் பணம் என்பதால், சுற்றி வளைத்துப் பார்த்தால் அம்மாப்பேட்டையில் நாற்று நடுகிற பெண்ணுக்கும் இந்தக் கம்பெனியில் பாத்தியதை உண்டு.

சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள கம்பெனிகள் தங்கள் ஈவுத்தொகைக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதித்திருக்கிறது. எந்தச் சூழலில் கொடுப்போம், எந்தச் சூழலில் கொடுக்காமல் போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அண்ணியைப் போன்றவர்கள் அதைப் படித்துவிட்டா பங்கு வாங்குகிறார்கள்? படிக்க வழியில்லாததால்தான் "வருசா வருசம் வந்துடும்" என்ற ஒற்றை வரியை நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

டைட்டனின் இயக்குநர் குழுத் தலைவராகத் தமிழ்நாடு அரசின் ஐஏஎஸ் அதிகாரி ஒருவர் அமர்வது வழக்கம். அந்த இடத்தில் இருப்பவரிடம் என் கோரிக்கை இது. பங்குதாரர் பொதுக்கூட்டத்துக்கு முன்பாக நான்கு விவரங்களைத் தமிழில் ஒரே தாளில் வெளியிடச் செய்யுங்கள். கடந்த பத்து ஆண்டு ஈவுத்தொகை. லாபத்தில் அது நூற்றுக்கு எவ்வளவு. தொழிலிலிருந்து வந்த ரொக்கம் எவ்வளவு. அன்றைய சந்தை விலைக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியவருக்கு ஆண்டுக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும். டைட்டன் செய்தால் தமிழ்நாட்டில் கடை வைத்திருக்கும் மற்ற கம்பெனிகளிடமும் செபி இதைக் கேட்கலாம். ஓசூர் ஆலைக்கு நிலமும் முதலும் கொடுத்த மாநிலம் இதைக் கேட்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.